லே ஊருக்கு வெற்றிலை பாக்கு

தை 5, திங்கள்

காலையில் நல்ல பனி. கல்யாணப் பத்திரிகை வந்து இறங்கியது, மூன்று கட்டு. தறி ஓட ஆரம்பித்ததும் உட்கார்ந்து மூலைக்கு மூலை மஞ்சள் தடவினேன். ஒரு கட்டு முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. பி.பி. மாத்திரை போட்டாச்சு.

பேரன் கார்த்திக்கு மாசி 7 முகூர்த்தம். யாரை நேரில் போய் அழைப்பது என்று மகன் செல்வராசு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். எடுத்து வாசித்தேன். நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனாலும் அவன் கோழிக் கிறுக்கல் எனக்கு அத்துப்படி.

பொங்கலூர் மாமன் வீடு – நேரில்.
தாராபுரத்து ஒறம்பரைச் சொந்தங்கள் – நேரில்.
நூல் கமிஷன்காரர் – நேரில், பழத்தட்டோடு.
கடைசி வரி: ரம்யா, லே – வாட்ஸப்.

கார்த்தியின் சொந்த அக்கா ரம்யா. ஒரே வயிற்றில் பிறந்தவள். நூல் கமிஷன்காரனுக்குப் பழத்தட்டு, அவளுக்கு வாட்ஸப்.

அதற்கும் கீழே ஒரு வரி: இணைச்சீர் – சிந்து (பங்காளி வீட்டுப் பிள்ளை).

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலையை ஏந்திப் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்யாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண். கார்த்திக்குத்தான் இருக்கிறாளே, குத்துக்கல்லாட்டம். அவளை வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தட்டிலிருந்து அவள் வெற்றிலையை எடுத்தால்தான் வருகிறாள் என்று அர்த்தம்.

"ஏண்டா, ரம்யாளுக்கு நேர்ல போகலியா?"

"லே எங்கீங்கம்மா இருக்குது! இந்தியாவோட உச்சீல. இப்ப ரோடே இல்லீங். பனீல மூடிப்போட்டாங்களாமா."

"பிளேனு?"

"அதெல்லாம் நேரத்துக்கு வராதுங்கம்மா. அவளுக்கும் இஸ்கூல்ல லீவு தர மாட்டாங்களாமா."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பத்திரிகைக் கட்டைப் பார்த்துச் சொன்னான்.

ரம்யா அங்கே டீச்சர். அவள் புருசன் பெனடிக்டுக்கு லே விமான நிலையத்தில் மேகம் பார்த்து எழுதுகிற வேலை. கோயமுத்தூர்ப் பையன். சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவர்கள் வந்து நின்ற நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

ரோடு இல்லையாம். நான் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. என் தம்பி நாச்சிமுத்து கல்யாணம், நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று. நான் பிறந்த மதுக்கரையிலிருந்து இந்தப் பல்லடத்துக்கு இரண்டு பஸ். அக்காளை அழைக்க வரவில்லை. பத்திரிகையைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். பின்னால் கேட்டதற்கு, "அன்னைக்கு பஸ்ஸே ஓடலீங்க்கா" என்றான். பஸ் ஓடாமல் கண்டக்டர் எப்படியடா வந்தான்? நான் வந்தால் வாய்ச்சண்டை வரும் என்று பயம். அதைச் சொல்ல வாயில்லை. நான் போகவில்லை. பெரியப்பன் மகள் இணைச்சீர் செய்தாள். மாம்பழ நிறச் சேலை.

தை 6, செவ்வாய்

நல்ல வெயில். தெருக்கோடி மிலிட்டரி சுப்பையனை மோர் குடிக்கக் கூப்பிட்டேன். பட்டாளத்தில் இருந்தவன். லே ஊரில் இரண்டு குளிர்காலம் கிடந்தவன். அந்த ஊருக்குப் போக எத்தனை வழி என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

1. ரயில். டெல்லி, ஜம்மு, இப்போது ஸ்ரீநகர் வரை தண்டவாளம் உண்டாம். அதற்கு மேல் ஒரு கணவாய். தை மாதம் ஆள் உயரப் பனி. "தொறப்பாங்க, மூடுவாங்க, நம்பிப் போக முடியாதுங்க்கா."

2. மணாலி ரோடு. வைகாசிக்குத்தான். அடித்துவிட்டேன்.

3. பட்டாளத்து விமானம், சண்டிகரிலிருந்து. உடுப்புப் போட்டவர்களுக்கு மட்டும். "உங்கள ஏத்த மாட்டாங்க்கா. ஏத்தினாச் சைனாக்காரன் பயந்துக்குவான்." அவனே சிரித்துக்கொண்டான். மோரில் இன்னும் ஒரு கை உப்பு போட்டிருக்க வேண்டும்.

4. உறைந்த ஆற்றின்மேல் நடை. கார்த்தி போனில் படம் காட்டியிருந்தான். அது வேறு பள்ளத்தாக்குக்காரர்கள் லே பக்கம் வருகிற வழியாம். நமக்கு உதவாது. அடித்தேன்.

5. டெல்லியிலிருந்து விமானம். தினமும் உண்டு. காலையில் மட்டும். பொழுது ஏறினால் காற்று எழுந்துவிடும். மேகம் இறங்கினால் ஊருக்கு மேலேயே சுற்றிவிட்டு டெல்லிக்குத் திரும்பிவிடும். மறுநாள் போகலாம்.

ஆக வழி இருக்கிறது. ஒன்றுதான். ஒன்று போதாதா?

"இஸ்கூலு லீவு தராதாமே சுப்பையா?"

"இந்தக் குளுருக்கு அங்க பள்ளிக்கூடமே நடக்காதுங்க்கா. மார்கழீல சாத்துனா மாசிக் கடைசீலதான். புள்ள ஊட்லதான் இருக்கும்."

ஒரு டம்ளர் மோருக்கு இரண்டு பொய் உடைந்தது.

எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டு 'வராதே' என்று சொல்வதில்லை. நாக்கு அழுகினாலும் சொல்ல மாட்டார்கள். "பஸ் இல்லீங்களே", "மழையா இருக்குதுங்களே", "பரிச்சை நேரமுங்களே." வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்துவார்கள். இதற்கு என் தம்பி குரு. என் மகன் சிஷ்யன்.

இதன் பின்னால் யார் என்று எனக்குத் தெரியும். மருமகள் கலாமணி, ரம்யாவைப் பெற்றவளேதான். சிந்துவின் அம்மாவும் அவளும் நகமும் சதையும்.

தை 9, வெள்ளி

ஆனைமலை. மாசாணியம்மனுக்கு முதல் பத்திரிகை. நானும் கலாமணியும் காரில். பொள்ளாச்சி தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. கூட்டம். வெயில். செருப்பு விடும் இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "ஏனுங், மொளகா அரைச்சா எத்தனை நாள்ல கேக்குமுங்?" "அவங்கவங்க வயித்தெரிச்சலப் பொறுத்ததுங்."

பத்திரிகையை வைத்துவிட்டு மிளகாய் வாங்கினேன். அநியாயம் நடந்தவர்கள் அங்கே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால், செய்தவர்களுக்கு எரியும். தம்பிக்காக ஒரு தடவை அரைத்திருக்கிறேன். இது இரண்டாவது.

"ஆருக்குங்கத்தை அரைக்கறீங்?" கலாமணி கேட்டாள்.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

அவள் முகம் திரும்பிற்று. பக்கத்திலேயே நின்றதால் பேர் சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னேன்: எம் பேத்திக்கு வாசலைச் சாத்தினது ஆரோ, அவங்களுக்கு எரியோணும் தாயே.

கை கழுவியும் காரம் போகவில்லை போல. காரில் கண்ணைத் தொட்டுவிட்டேன். பொள்ளாச்சியில் இளநீர் வாங்கி முகத்தில் ஊற்றினேன். வீடு வரும்வரை கண்ணீர். கலாமணி முந்தானையால் துடைக்க வந்தாள். தட்டிவிட்டேன்.

தை 10, சனி

இன்று கரண்ட் நிறுத்தும் நாள். ஒன்பதுக்கு என்றார்கள், எட்டே முக்காலுக்கே போயிற்று.

நான் தறிக்கூடத்து வாசலில் வரமிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பதினாறு தறியும் ஒரே நேரத்தில் நின்றது. கலாமணியின் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவள், சத்தம் போனது தெரியாமல் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கொள்ளு ரசம் வெச்சுக் குடி அம்மணி, குளுருக்கு நல்லது… உங்கப்பா வராம இருப்பாரா? டிக்கெட்டே பாத்தாரு… ஆத்தாளத் தாண்டி எப்படிக் கண்ணு வாரது? அன்னைக்கு நடுவாசல்ல நின்னு சொன்ன சொல்லு…"

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். போன் கையில் அப்படியே.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாங்கத்தை. தறி ஓடறப்பப் பேசினா உங்களுக்குக் கேக்காதுன்னு."

ரம்யாவோடு தினமும் பத்து நிமிடம். இரண்டு வருஷம். நான் வெளியே உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளியிருக்கிறேன்.

செல்வராசு வந்தான். கேட்டேன். முதலில் ரோடு என்றான். பிறகு பனி என்றான். நான் நோட்டை எடுத்து ஐந்து வழியையும் வாசித்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க சொன்ன சொல்லுதானுங்கம்மா. மீறச் சொல்றீங்களா?"

"அதுக்கு ரோட்டு மேலயா பழியப் போடுவே?"

"பின்ன, உங்க மூஞ்சிக்கு நேரா நீங்கதான் காரணம்னு சொல்லச் சொல்றீங்களாம்மா?"

சரி. எழுதுகிறேன். எனக்கு மறதி கிடையாது. எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி 11, வெள்ளி, காலை பதினொன்றரை. ரம்யா பச்சைச் சேலை. பெனடிக்ட் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பதிவு ஆபீசிலிருந்து நேரே வந்து நின்றார்கள். தறிக்காரர்கள், பால்காரர், எதிர்வீடு, எல்லோரும் பார்க்க நான் நடுவாசலில் நின்று சொன்னேன்: "இந்தப் படிய மிதிச்சீன்னா நான் இந்த ஊட்ல இல்ல." ரம்யா உள்ளே வருவதற்காக ஒரு கால் செருப்பைக் கழற்றியிருந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். போய்விட்டாள்.

ஆத்திரத்தில் சொன்னது. ஆத்திரத்தில் சொன்னதை இரண்டு வருஷம் கட்டிக் காப்பதா? கோழிப்பண்ணை வேண்டாம் என்றேன், செல்வராசு கேட்டானா? பழைய தறியை விற்காதே என்றேன், கேட்டானா? என் சொல்லில் இந்த ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது? நாலு பேர் சேர்ந்து, "வாய மூடுங்கம்மா, புள்ள ஊட்டுக்கு வரட்டும்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன அவர்களைக் கடித்தா தின்றிருப்பேன்? ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதை.

மாசாணியிடம் பேர் சொல்லாமல் வந்தேன். அவளுக்குப் பேர் தெரிந்திருக்கிறது. கண் இன்னும் சிவப்பு.

தை 11, ஞாயிறு

ரம்யாவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அப்பனுக்குச் செய்தி வந்தது. கார்த்தி சத்தமாக வாசித்தான்:

"பத்திரிகை வாட்ஸப்புல வந்துச்சு. நானும் வாட்ஸப்புலயே வந்து இணைச்சீர் செஞ்சு போடறேன். போனைப் பந்தல்ல மாட்டி வைங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒன்று: இவள் என் ரத்தம். நாச்சிமுத்து கல்யாணத்தன்று போன் இருந்திருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

"டிக்கெட் போடு," என்றேன். "நான் போறேன்."

"அம்மா, உங்க ஒடம்புக்கு…"

"நீ தொணைக்கு வா. சொல்லப் போறது நான்."

கார்த்தி: "ஆத்தா, அங்க பூச்சியத்துக்குக் கீழ இருபது." "கீழயோ மேலயோ, உம்பட அக்கா உயிரோடதான இருக்கறா."

தை 12, திங்கள்

டாக்டர். பி.பி. பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பாட்டி, ஊட்டிக்குப் போனப்ப மூச்சு வாங்குச்சுங்களா?"

"ரோஜாத் தோட்டத்துல உச்சி வரைக்கும் ஏறுனேன்."

"இது ஊட்டியப் போல ஒன்றரைப் பங்கு ஒசரம். அங்க காத்தே கம்மி. நெஞ்சு அடைச்சா உடனே கீழ எறங்கிரோணும்."

"காலைல மட்டுந்தான் பிளேனு."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

இவர் ஒருத்தர்தான் நேராகச் சொன்னார். அதற்காக ஒரு கும்பிடு போட்டேன். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். போனதும் இரண்டு நாள் அசையாமல் படுக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், படி ஏறக் கூடாது.

ஒரே ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

தை 16, வெள்ளி

மூட்டை: கம்பளிச் சட்டை 2 (ஒன்று சுப்பையனுடையது, கற்பூர வாசம்). குரங்குக் குல்லா. கொள்ளு. பித்தளைத் தட்டு. பாக்கு, மஞ்சள், குங்குமம். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் வாழைச்சருகு. தேங்காய் ஒன்று, எங்கள் மரத்தது, குடுமியோடு.

கலாமணி நேற்றிலிருந்து வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடுகிறாள். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். அவளுக்கும் வர ஆசை. கல்யாண வேலையைப் போட்டுவிட்டு வர முடியாது.

"சுண்ணாம்பு டப்பா வெச்சயா?"

"வெச்சிர்றனுங்கத்தை." பிறகு: "அவகிட்டத் திட்டாமப் பேசுங்கத்தை."

"நான் எப்ப ஆரைத் திட்டினேன்?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆனைமலையில் நான் அரைத்தது அவளுக்கு என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தை 17, சனி. டெல்லி

கோயமுத்தூர் விமான நிலையத்திலேயே சண்டை. சோதனை போடுகிறவன் பையைத் திறந்து தேங்காயை எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

"தேங்காய் கொண்டு போகக் கூடாதும்மா."

"போன மாசம் ஐயப்பன் சாமிங்க கொண்டு போனாங்களே?"

"அது சபரிமலை சீசனுக்கு மட்டும்மா."

இருமுடிக்கு உண்டாம், இணைச்சீருக்கு இல்லையாம். பின்னால் வரிசை நின்றது. செல்வராசு, "விடுங்கம்மா, விடுங்கம்மா" என்று என் முழங்கையை இழுத்தான். தேங்காயை அந்தக் கூடையில் விட்டுவிட்டு வந்தேன். வெற்றிலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

முதல் விமானம் என் வாழ்க்கையில். காது அடைத்தது, வேறொன்றும் இல்லை. டெல்லியில் பல் கிட்டுகிற குளிர். ரூமில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தேன். இரண்டு கறுத்துவிட்டது, எடுத்துப் போட்டேன்.

தை 18, ஞாயிறு. டெல்லியேதான்

விடியும்போது விமானம் ஏறினோம். ஜன்னல் சீட்டு. பக்கத்தில் அந்த ஊர்க் கிழவி, சுருக்க முகம், கையில் ஜபமணி. ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது. கச்சாயம் கொடுத்தேன். கடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள், கையாலேயே.

கீழே மலை. கிடங்கில் பஞ்சுப் பொதி எல்லாம் அவிழ்ந்து கிடக்கிற மாதிரி, கண்ணுக்கு எட்டும் வரை. ஒரு வீடு இல்லை, மரம் இல்லை. பிறகு அதுவும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம். சுற்றினான். மறுபடி சுற்றினான். பைலட் மைக்கில் ஏதோ சொன்னான். விமானம் முழுக்க ஒரே பெருமூச்சு.

"மேகம் எறங்கிருச்சாமுங்கம்மா. டெல்லிக்கே திரும்பறாங்களாமா."

லே விமான நிலையத்தில் மேகம் பார்த்து எழுதுகிறவன் யார்? எனக்கு அப்போதுதான் பொட்டில் அடித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாசலைக் காட்டினேன். இன்று அவன் ஆகாயத்தைக் காட்டிவிட்டான்.

டெல்லியில் செல்வராசு நாற்காலியில் சரிந்தான். "போதுங்கம்மா. ஊருக்குப் போயிரலாம். நம்மனால ஆனதப் பண்ணிட்டோம். பிளேன் போகலைன்னா நாம என்ன பண்றது?"

"உங்க மாமன் இதத்தான் சொன்னான். பஸ் ஓடலைன்னான்."

"இது நெசமாலுமே ஓடலீங்களேம்மா!"

"நாளைக்கு ஓடுமல்லோ?"

நாளைக்கு டிக்கெட் மாற்றிக்கொண்டு வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஐம்பது வயது. அந்த ஜபமணிக் கிழவியும் நாளைக்குத்தான். எதிரே உட்கார்ந்து மணி உருட்டுகிறாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. எப்படித்தான் முடிகிறதோ.

தை 19, திங்கள். லே

வந்து சேர்ந்தோம். தலை விண்விண். ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இறங்கியதும் மூக்கில் ஊசி. மூச்சை இழுத்தால் பாதிதான் வருகிறது. வெளியே பெனடிக்ட் நிற்கிறான். கையில் இரண்டு பெரிய கோட்டு, ஒன்று என் அளவுக்கு. கலாமணி சொல்லியிருப்பாள். சொல்லாதே என்று சொல்லியிருந்தேன்.

"வாங்க மாமா. வாங்க பாட்டி. மெதுவா நடங்க."

நான் நடக்கவில்லை. அங்கேயே நின்று கேட்டேன்.

"நேத்துப் பிளேனத் திருப்பி உட்டது நீங்களா?"

"மேகம் ரொம்பக் கீழ வந்திடுச்சுங்க பாட்டி. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியலை. நான் பாத்ததை எழுதினேன்."

"அதுல நான் இருக்கறன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"தெரிஞ்சதாலதான் ரெண்டு தடவை பாத்துட்டு எழுதினேன். வரலாம்னு பொய் எழுதியிருந்தா மலையில மோதியிருப்பீங்க."

செல்வராசு கீழே பார்த்தான். நான் இவனையே பார்த்தேன். வரக் கூடாது என்றால் வரக் கூடாது என்று எழுதுகிறவன். ரோடு மேல், பஸ் மேல் பழி போடாதவன். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வாய் இல்லை. கோட்டைக் கையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வீடு சின்னது. வாசலில் ஒரே ஒரு கல் படி, மேலே பனி சுரண்டிய தடம். ரம்யா கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது.

"வாங்கப்பா."

அவ்வளவுதான். செல்வராசு உள்ளே போனான். நான் செருப்பு, இல்லை, பூட்சு. ஒன்றைக் கழற்றினேன். ஒற்றைக்காலோடு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள். அவளுக்கும் மறதி கிடையாது.

தட்டில் வெற்றிலை பாக்கை வைத்துப் பத்திரிகையை வைத்து நீட்டினேன். முறைப்படி இரண்டு பேர் கையிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பல்லடத்தில் புறப்படும்போது ரம்யா கையில் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்குங்க," என்றேன்.

பெனடிக்ட் கை வந்தது. ரம்யா கை வரவில்லை. அவள் வாங்காமல் அவனும் வாங்கவில்லை. கையைக் கீழே விட்டுவிட்டான்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகமிருக்குதுங்களா?"

"இருக்குது. மாசி பதினொண்ணு. நீ பச்சைச் சேலை."

"சேலைய உடுங்க. அந்தச் சொல்ல எடுத்துட்டீங்களா?"

"இங்க எப்படி எடுக்கறது? அங்க போட்ட சொல்ல அங்கதான் எடுக்கோணும். பால்காரன், தறிக்காரங்க, எதுத்த ஊடு, அத்தனை பேரும் கேட்டாங்க. அவங்க காதுல உளுகற மாதிரி, அதே வாசல்ல நின்னு எடுக்கறேன். நீ வந்தாத்தான் எடுக்க முடியும். ரெண்டு பேரும் வரோணும்."

இதைச் சொல்லி முடிக்க நான்கு தடவை மூச்சு வாங்கினேன். அவள் ஏதோ சொன்னாள். மலை வெள்ளையாக இருந்தது, பிறகு கதவும் வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கை பிடித்தது தெரியும்.

படியை நானே மிதித்தேனா, தூக்கிக்கொண்டு போனார்களா, நினைவில்லை. என் வாழ்நாளில் எனக்கு நினைவில்லாதது இது ஒன்றுதான்.

தை 20, செவ்வாய்

படுக்கை. மூன்று ரஜாய்ப் போர்வை. என் விரலில் ஒரு கவ்வி மாட்டி, உடம்புக்குள் காற்று போதுமா என்று மணிக்கு ஒரு தடவை பார்க்கிறாள் ரம்யா. அதில் வருகிற எண்ணை அவனிடம் சொல்கிறாள், என்னிடம் சொல்வதில்லை. இன்று முழுக்க என்னோடு அவள் பேசியது: படுங்க. குடிங்க. எந்திரிக்காதீங்க.

தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டாள். தொடவில்லை. கோபத்தைப் பார், அப்படியே என் மாமியாருக்கு இருந்த… இல்லை. என்னுடையதுதான்.

என் தம்பி இரண்டு பஸ் ஏறவில்லை. நான் மூன்று விமானம் ஏறியிருக்கிறேன். அவன் உயிரோடு இருந்தால் இதை ஒரு கார்டில் எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன்.

பெனடிக்டிடம் கேட்டேன்: "மாசி அஞ்சாந்தேதி மேகம் எப்படி இருக்குமுங்?"

"தெரியாதுங்க பாட்டி."

"ஒரு ஆறுதலுக்குக் கூடச் சொல்ல மாட்டீங்களா?"

"மூணு நாள் முன்னாடி கேளுங்க, சொல்றேன்."

சமையல்கட்டில் ரம்யா சிரித்த மாதிரி கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

தை 21, புதன்

தலைவலி பாதி. வெயில் வந்திருக்கிறது, சூடுதான் இல்லை. கொள்ளு ரசம் வைத்தாள், உப்புக் கம்மி, சொல்லவில்லை. செல்வராசு பனி பார்க்க வாசலுக்குப் போய் ஒரு தடவை வழுக்கி விழுந்தாயிற்று.

ரம்யா ஜன்னலோரத் தட்டை எடுத்து வந்து என் கட்டிலில் வைத்து உட்கார்ந்தாள். வெற்றிலை விறைத்துக் கண்ணாடி மாதிரி. ஒன்றை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். சத்தம் கேட்டது. பாதியை அவன் வாயில் வைத்தாள், பாதி தன் வாயில். ஆளுக்கொரு பாக்கு. மென்றார்கள். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்:

"சுண்ணாம்பு கொண்டாரலீங்களா ஆத்தா?"

ஆத்தா என்றாள். மூட்டை முழுக்கத் தேடியாயிற்று, சுண்ணாம்பு டப்பா இல்லை. கலாமணி வைக்கவில்லை. மூட்டை கட்டும்போதே கேட்டேனே, வெச்சிர்றனுங்கத்தை என்றாளே. ஊருக்குப் போய்க் கேட்கிறேன்.